வெட்டாமல் விட்ட பிசிறு

சித்திரை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. பழனிமுத்து குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு சபதம் எடுத்தார்.

வீரமான சபதம்தான். என்ன, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் தடதடவென்று விழுகிற சத்தத்துக்கு நடுவில் எடுத்தார். "பழனியாண்டவா! இனிமேல் என்ற கையால ஒரே ஒரு பிசிறு வெட்ட மாட்டேன். வெட்டுனா என்னையக் கேளு."

"மாமா, தண்ணிய அடைங்க! வாரத்துக்கு ஒருக்கா வர்ற தண்ணிய இப்படித் தெறந்து உட்டுப்போட்டு உள்ள யாருகிட்டப் பேசிட்டிருக்கறீங்க?" வெளியிலிருந்து மனைவி சித்ராதேவியின் குரல்.

"முருகன்கிட்ட புள்ள."

"மூணு கட்டு காத்துட்டிருக்குதுன்னு அவருகிட்டயும் சொல்லிப்போட்டு வாங்க."

சபதம் அடுத்த வாரத்திலிருந்து அமலுக்கு வரும் என்று முருகனிடம் ஒரு சின்னத் திருத்தம் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மூன்று கட்டையும் வெட்டி முடித்தார் பழனிமுத்து.

பிசிறு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் திருப்பூருக்கு வந்ததில்லை என்று அர்த்தம். பனியன் தைத்து முடித்ததும் தோளில், கைமடிப்பில், இடுப்போரத்தில் அங்கங்கே நூல் வால் தொங்கும். அதை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தால்தான் சரக்கு கப்பல் ஏறும். கேட்க லேசாக இருக்கும். ஒரு பனியனுக்குப் பதினெட்டு வால். ஒரு கட்டுக்கு நூறு பனியன். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், பழனிமுத்துவுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நெஞ்சு வலிக்கும்.

ஏனென்றால் அவர் கம்பெனியில் சாம்பிள் மாஸ்டர். அமெரிக்காக்காரன் ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் போதும், மத்தியானத்துக்குள் அதைச் சட்டையாக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அவர் நடந்து வந்தால் டெய்லர்கள் பாட்டை நிறுத்துவார்கள். திங்கள் முதல் சனி வரை இந்த மரியாதை. ஞாயிற்றுக்கிழமை லுங்கியைக் கட்டிக்கொண்டு மண்ணரை வீட்டு முன்ரூமில் கால் நீட்டி உட்கார்ந்தால், அவர் சித்ராதேவிக்கு ஹெல்பர்.

சித்ராதேவி பத்து வருஷம் பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பார்த்தவள். மகளை ராசிபுரத்தில் ஹாஸ்டலில் சேர்த்தபிறகு வீட்டிலேயே பிசிறு வெட்டக் கட்டு வாங்கிப் போட்டாள். வார நாளில் நாலு பொம்பளைகள் வந்து வெட்டுவார்கள். ஞாயிறு அவர்களுக்கு லீவு. வேன்காரன் சனிக்கிழமை சாயங்காலம் கட்டை இறக்குவான், திங்கட்கிழமை காலையில் எடுக்க வருவான். நடுவில் ஒரே ஒரு ஆம்பளை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கே நூல் தொங்கினாலும் அவள் கை சும்மா இருக்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டுச்சட்டைக் காலரில் ஒரு பிசிறைப் பார்த்துவிட்டு, அட்சதை போடுகிற சாக்கில் மேடை ஏறி அதைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியவள். மாப்பிள்ளை வீட்டார் திருஷ்டி கழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் பழனிமுத்துவுக்கு மீன் வந்து சேர்ந்தது.

அந்த 2006-ஆம் வருஷம் கம்பெனிக்கு ஒரு அமெரிக்க ஆர்டர். மீன் பிடிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற டி-சர்ட். வசந்தத்துக்குப் பச்சை, கோடைக்கு மஞ்சள், இலையுதிர் காலத்துக்குச் சிவப்பு, பனிக்காலத்துக்கு நீலம். ஒவ்வொரு நெஞ்சிலும் 'பேஸ்' என்று ஒரு மீன், பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைப் பிளந்துகொண்டு துள்ளும். படம் சரியாக வர வேண்டும் என்பதற்காக அந்த அமெரிக்காக்காரன் ஒரு அசல் தூண்டிலையும், ஒரு புத்தகத்தையும் அனுப்பியிருந்தான். சின்னப் படகில் போய் நாலு பருவத்திலும் அந்த மீனைப் பிடிப்பது எப்படி என்ற புத்தகம். சரக்கு போனபிறகு இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

பழனிமுத்து புத்தகத்தை மூன்று தடவை படித்தார். புத்தகம் முழுக்க ஆம்பளைகள். ஒவ்வொருவனும் தனியாக, நிம்மதியாக, ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு படகில் உட்கார்ந்திருந்தான். ஒருத்தன் கையிலும் பிசிறு வெட்டுகிற டிரிம்மர் கத்தரி இல்லை. பழனிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

"ஏம்புள்ள, எனக்கு டென்சன் எச்சாயிருச்சு" என்று ஆரம்பித்தார். "தண்ணியப் பாத்துட்டு உக்காந்தாக் கொறையுமாம். புஸ்தகத்துல போட்டிருக்கறாங்க."

"தண்ணியப் பாக்கோணும்னா டிரம்மைத் தெறந்து பாருங்க மாமா. ரெண்டு டிரம் இருக்குது."

"அகலமான தண்ணி புள்ள. கொளம். ஞாயித்துக்கெழம ஒரு நாளு பரிசல்ல போயி மீன் புடிச்சுட்டு வந்துபோடறேன். உனக்கும் ஊட்டுக்கு மீனு ஆச்சு."

சித்ராதேவி டிரிம்மரைக் கீழே வைத்தாள். அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாள். "சேரி, போயிட்டு வாங்க."

பழனிமுத்து ஆடிப்போய்விட்டார். பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை.

"ஆனா ஒண்ணு மாமா. மீனோட வரோணும். மீன் வராத வாரம், அடுத்த ஞாயித்துக்கெழம உங்குளுக்கு ரெட்டக் கட்டு."

"ஹ! நாலு சீசனுக்கும் புஸ்தகம் வெச்சிருக்கறவன்கிட்டயா இந்தப் பேச்சு?" என்றார் பழனிமுத்து.

ஊருக்குக் கிழக்கே ஒரு குளம். அதைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சனி சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் காவல் இருந்தவர் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், வார நாளில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வாட்ச்மேன். அவரிடம்தான் பரிசல் இருந்தது.

"வாங்கண்ணே, ஏறுங்க. நடுவுல உக்காருங்க, இல்லாட்டி கவுந்துரும். இதென்னாண்ணே, டிவி ஆன்டெனாவா?"

"தூண்டலுங்க. அமெரிக்கா."

"இங்கிட்டு அமெரிக்கா மீனெல்லாம் கெடையாதுண்ணே. விரால் கெடக்கும். அதுவும் உங்க புத்தகத்துப் படத்துல இருக்க மாதிரி கடிக்கிற சாதிதான். தவளையக் கண்டா விடாது." துடுப்பைப் போட்டபடியே ஊர்க்கதை பேசினார் காசிமாயன். "அண்ணனுக்கு எங்கிட்டு, மண்ணரையா? என் வீட்டம்மாவும் அங்கிட்டுத்தாண்ணே பிசிறு வெட்டப் போகுது, யாரோ ஒரு அக்கா வீட்டுக்கு."

மண்ணரையில் வீட்டுக்கு வீடு பிசிறுதான் வெட்டுகிறார்கள். எந்த அக்கா, எந்த வீடு என்று பழனிமுத்து மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வசந்த காலத்தில் வெயில் பட்டு இளஞ்சூடான ஓரத் தண்ணீரில் மீன் இருக்கும் என்று புத்தகம் சொன்னது. சித்திரையில் நம்ம குளத்தில் கையை விட்டால் சுக்குக் காப்பி. பழனிமுத்து தூண்டிலில் கோத்திருந்த ரப்பர் புழுவை வீசினார். பரிசல் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வேறு திசையில் திருப்பி வைத்தது. மறுபடி வீசினார். மறுபடி சுற்றியது. மத்தியானம் வரைக்கும் அவர் அந்தக் குளத்தை எண்பது தடவை சுற்றிப் பார்த்தார். ஒரு மீன்கூட அவரைப் பார்க்கவில்லை.

ஆனாலும் சொர்க்கமாக இருந்தது. ஒரு பிசிறு கிடையாது. ஒரு "மாமா" கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. வரும் வழியில் முக்கு மீன்கடையில் வண்டியை நிறுத்தினார். செக்கச் செவேல் என்று அழகாக இருந்த மீனில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, கால்சட்டையில் கொஞ்சம் சேற்றையும் பூசிக்கொண்டு, வீட்டுக்குள் நெஞ்சு நிமிர்த்தி நுழைந்தார்.

சித்ராதேவி மீனைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, மீனு இப்படிச் சில்லுனு இருக்குது? கொளத்துல ஏசி போட்டிருக்கறாங்களா?"

"ஆழம் புள்ள. நெம்ப ஆழத்துல இருந்த மீனு. அடியில அப்படித்தான் இருக்கும்."

"அப்படீங்களா" என்றாள். அவ்வளவுதான். கழுவினாள், குழம்பு வைத்தாள், பரிமாறினாள். ஒரு கேள்வி கிடையாது. பழனிமுத்து முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார். வெற்றியின் ருசி.

"நெம்ப நல்லாருக்குதுங்க மாமா" என்றாள் சித்ராதேவி, இலையை எடுத்துக்கொண்டே. "சங்கரா மீனு. வர்ற வாரம் வஞ்சிரம் புடிச்சுட்டு வாங்க."

சங்கரா கடல் மீன் என்பதும் வஞ்சிரம் அதைவிடக் கடல் மீன் என்பதும் பழனிமுத்துவுக்கு அடுத்த ஞாயிறு மீன்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இவளுக்குத் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? அந்த முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்கவும் முடியாது. கேட்டால் முதல் வாரக் குட்டு உடையும். வாங்காமல் போனால் ரெட்டைக் கட்டு. வஞ்சிரம் முழுசாக வாங்குகிற வசதி சாம்பிள் மாஸ்டருக்குக் கிடையாது. துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

"புடிக்கறப்பவே துண்டாத்தான் வந்துச்சுங்களா மாமா?"

"பெரிய மீனு புள்ள. பரிசல்ல எடம் பத்தல. அங்கயே வெட்டிப்போட்டேன்."

"தலைய என்ன பண்ணுனீங்க?"

"காசிமாயன் கேட்டாரு. பாவம், குடுத்துட்டேன்."

"உங்குளுக்கு நல்ல மனசு மாமா" என்றாள். "அடுத்த வாரம் எறா."

வைகாசி முழுக்க அந்தக் கொங்குநாட்டுக் குளத்தில் பழனிமுத்து இறால் பிடித்தார். ஆனி மாசம் நண்டு பிடித்தார். நண்டின் காலில் கடைக்காரர் கட்டிய ரப்பர்பேண்டை அவிழ்க்க மறந்துவிட்டார். "இது ஏதுங்க மாமா?" என்று கேட்டதற்கு, "படிக்கற நண்டா இருக்கும், புஸ்தகத்தக் கட்ட வெச்சிருக்கும்" என்று உளறிவிட்டு வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் வேறு கிண்ணத்தோடு வர ஆரம்பித்துவிட்டாள். "உங்க ஊட்டுக்காரரு கையி ராசியான கையிங்க சித்ரா. எங்க ஊட்டுக்கு வர்ற ஞாயித்துக்கெழம ஒரம்பர சனம் வர்றாங்க. அவரு ஒரு அரக்கிலோ நெத்திலி புடிச்சுத் தருவாருங்களா?"

ஆடி வந்தது. புத்தகத்தில் கோடைக்கென்று தனியாக ஒரு அத்தியாயம். காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அந்தக் கரையில் மீன் சேரும் என்று போட்டிருந்தது. அமெரிக்காக் காற்று வேறு, ஆடிக்காற்று வேறு. பரிசல் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு போய் அக்கரை வேலிக்கருவேலங்காட்டில் சொருகிக்கொண்டது. பழனிமுத்து வீசின கொக்கி காசிமாயனின் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தது. அந்த நாலு மாசத்தில் அந்தத் தூண்டில் பிடித்த முதல் பொருள் அதுதான்.

"ஆத்தாடி! அண்ணே, என்னைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிறாதீக!" என்று அலறினார் காசிமாயன்.

வேலிமுள்ளிலிருந்து பரிசலைப் பிடுங்கிக்கொண்டு கரை சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மீன்கடையில் பூட்டு. பழனிமுத்து ஊரெல்லாம் தேடி, கடைசியில் ஒரு மளிகைக்கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்.

சித்ராதேவி பொட்டலத்தைப் பிரித்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

"இது கருவாடுங்க மாமா."

"ஆடிக்காத்து புள்ள. வண்டியில வர்றதுக்குள்ள காஞ்சு போச்சு."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தமாகக் கேட்டது.

புரட்டாசி ஒன்றாம் தேதி காலையில் அடுப்பைக் கழுவி மஞ்சள்தண்ணி தெளித்தாள் சித்ராதேவி. மீன்சட்டி பரண் ஏறியது. மாசம் முடிகிற வரை வீட்டுக்குள் கவிச்சி நுழையக் கூடாது. பழனிமுத்துவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் நீடித்தது.

"அப்ப இந்த மாசம் பூராவும் ரெட்டக் கட்டுங்க மாமா."

"ஏ புள்ள! அதெப்படி?"

"மீன் வராத வாரம் ரெட்டக் கட்டுன்னு பேச்சு. புரட்டாசில மீன் வராது. பேச்சுன்னா பேச்சுதானுங்க."

பழனிமுத்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "இங்க பாரு. அமெரிக்காக்காரன் புடிச்ச மீனத் திருப்பிக் கொளத்துலயே உட்டுப்போடறான். அதுதான் நாகரிகமாம். இந்த மாசம் நான் புடிச்சுப் புடிச்சு உட்டுப்போடறேன். மீன் ஊட்டுக்கும் வராது, புடிச்சதாவும் ஆச்சு."

"புடிச்சீங்கன்னு யாரு பாத்தா?"

"நான் பாப்பேன்."

"அது எப்படிங்க மாமா செல்லும்? செக்கிங் பாக்கறவங்க கண்ணுல பட்டாத்தான் சரக்கு பாஸு." டிரிம்மரை விரலில் சுழற்றினாள். "வர்ற ஞாயித்துக்கெழம நானே வர்றேன். என்ற கண்ணு முன்னால ஒரே ஒரு மீனு புடிச்சுக் காட்டுங்க. காட்டீட்டீங்கன்னா, ஆயுசு பூரா ஞாயித்துக்கெழம உங்குளுது. பிசிறுங்கற பேச்சே எடுக்க மாட்டேன். புடிக்கலீன்னா தூண்டல என்றகிட்டக் குடுத்துப்போட்டு டிரிம்மரப் புடிச்சுக்கோங்க."

ஆயுசு பூரா ஞாயிற்றுக்கிழமை! பழனிமுத்துவின் காதில் வேறொன்றும் விழவில்லை. "சேரி!" என்று கத்திவிட்டார். கத்தின பிறகுதான், ஆறு மாசத்தில் தாம் ஒரு அயிரை மீன்கூடப் பிடித்ததில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

சனிக்கிழமை கம்பெனி விட்டதும் குளத்துக்கு ஓடினார். காசிமாயன் காலில் விழாத குறை.

"உசிரோட ஒரு விரால் வேணுமுங்க. நாளைக்கு நான் புடிக்கோணும்."

"அதுக்கென்னண்ணே, வலையில ஒண்ணு கெடக்கு. பரிசலோட வெளிப்பக்கம் ஒரு பையில கட்டித் தொங்க விட்டுருவோம். பேச்சுவாக்குல கொக்கிய மாட்டி இழுத்துக்கங்க. ஆனா முழுசா முக்கிறாதீக. விரால் மேல வந்து மூச்சு வாங்கும். பை பாதி தண்ணியில, பாதி வெளிய இருக்கணும்."

பைக்கு எங்கே போவது? இவர் யார், சாம்பிள் மாஸ்டர்! மறுபடி கம்பெனிக்கே போய், குழாய் மாதிரி வருகிற பனியன் துணியில் ஒரு முழம் வெட்டி, கம்பெனி மெஷினில் அடிப்பக்கம் சிவப்பு நூலில் ஒரு செயின் தையல் ஓட்டி, அரை நிமிஷத்தில் பை தயார். ஓட்டி முடித்தபோது தையல் முனையில் சாண் நீளத்துக்கு ஒரு நூல் வால் தொங்கியது. பிசிறு.

வெட்டியிருக்கலாம். கத்தரி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பழனிமுத்துவுக்குச் சித்திரை மாசத்துச் சபதம் நெஞ்சில் வந்து நின்றது. "என்ற பைக்கும் நானே பிசிறு வெட்டோணுமா? மாட்டேன்! ஆண்டவன்கிட்டச் சொன்னது சொன்னதுதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். செயின் தையலில் முனையைப் பிடித்து இழுத்தால் அரிசி மூட்டைத் தையல்போல முழுசும் உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது திருப்பூரில் ஆறு மாசக் குழந்தைக்கும் தெரியும். பதினைந்து வருஷ சாம்பிள் மாஸ்டருக்கு அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைகள்தான் வரிசையாகத் தெரிந்தன.

மறுநாள் காலை. ராத்திரியே காசிமாயன் கைக்குப் போன பை, விராலோடு பரிசலின் வெளிப்பக்கம் தொங்கியது. சித்ராதேவி பரிசலில் ஏறினாள். கையில் ஒரு கட்டு பனியன்.

"அது எதுக்கு புள்ள?"

"சும்மா, மெத்துனு உக்காரத்தானுங்க." கட்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அந்த அமெரிக்காக்காரனுடைய ரிப்பீட் ஆர்டர். சிவப்பு டி-சர்ட். பேஸ் மீன் அவள் சேலைக்கு அடியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பழனிமுத்துவைப் பார்த்தது. பிறகு காசிமாயன் பக்கம் திரும்பி, "ஏனுங்கண்ணா, ராக்கம்மாக்கா வரலீங்களா?" என்றாள்.

துடுப்பு நின்றது. "அது... வீட்டுல இருக்குங்கக்கா" என்றார் காசிமாயன், தண்ணியைப் பார்த்துக்கொண்டு.

"ராக்கம்மாவா? எந்த ராக்கம்மா?" பழனிமுத்துவின் குரல் கீச்சென்று வந்தது.

"அவரு ஊட்டுக்காரம்மா. திங்கக்கெழம காலைல நம்ம ஊட்டுக்குத்தான் மொதல்ல வர்றாங்க. பிசிறு வெட்டிட்டே நெம்ப நாயம் பேசுவாங்க." சித்ராதேவி வெள்ளந்தியாகச் சிரித்தாள். "நீங்க மீனப் புடிங்க மாமா. நேரமாச்சுல்ல."

சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் சங்கரா, வஞ்சிரம், இறால், நண்டு, கருவாடு என்று ஒவ்வொன்றாகப் பழனிமுத்துவின் கண் முன்னால் நீந்திப் போயின. பரவாயில்லை. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். பேச்சு என்ன? கண் முன்னால் ஒரு மீன். பை அந்தப் பக்கம் தொங்குகிறது. மேலே துண்டு போட்டு மூடியிருக்கிறது. உள்ளே விரால் உயிரோடு இருக்கிறது. இன்னும் ரெண்டு நிமிஷம், அப்புறம் ஆயுசு பூரா ஞாயிற்றுக்கிழமை.

தூண்டிலைத் தூக்கினார். "அங்க பாரு புள்ள, கொக்கு!" என்று எதிர்க்கரையைக் காட்டினார்.

சித்ராதேவி கொக்கைப் பார்க்கவில்லை. பரிசல் ஓரத் தண்ணியில் துண்டுக்கு அடியிலிருந்து நெளிந்து மிதந்த சிவப்பு நூலைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, பரிசலுக்குக்கூடப் பிசிறா?"

"புள்ள! அதத் தொடாத!"

பிசிறைத் தொடாதே என்று சித்ராதேவியிடம் சொல்வதும் ஒன்று, ஆடிக்காற்றை அடிக்காதே என்பதும் ஒன்று. இரண்டு விரலில் பிடித்து இழுத்தாள். சர்ரென்று வந்தது. இன்னும் இழுத்தாள். முழம் முழமாக வந்தது. துண்டுக்கு அந்தப் பக்கம் "பொளக்" என்று ஒரு சத்தம். ஒரு வால் வெளிச்சத்தில் மினுங்கியது. அப்புறம் தண்ணியில் வட்டம் வட்டமாக அலை.

"போச்சுண்ணே" என்றார் காசிமாயன்.

பழனிமுத்து பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த அலையையே பார்த்தார். அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

"அழுவாதீங்க மாமா" என்றாள் சித்ராதேவி, பிரியமாகத்தான். கையில் சேர்ந்த சிவப்பு நூலைச் சின்னக் கொத்தாகச் சுற்றினாள். அவர் கையிலிருந்த தூண்டிலை மெதுவாக வாங்கினாள். ரப்பர் புழுவைப் பிய்த்து எறிந்துவிட்டு, கொக்கியில் நூல்கொத்தைக் கட்டி, முடிச்சுப் போட்டு, வால் தொங்காமல் பல்லால் நறுக்கினாள். "புடிச்சாலும் புடிக்காட்டியும் தூண்டலு இனி என்றதுதான? சித்த பாக்கலாம்" என்று தண்ணியில் விட்டு ரெண்டு தடவை தத்தித் தத்தி இழுத்தாள், தவளை தாவுகிற மாதிரி.

மூன்றாவது தத்தலில் தண்ணி வெடித்தது. தூண்டில் வில்லாக வளைந்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. "மாமா! மாமா! என்னையப் புடிச்சுக்கோங்க!" என்று சித்ராதேவி கத்தினாள். பழனிமுத்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், காசிமாயன் பழனிமுத்துவைப் பிடித்துக்கொண்டார். கை நீளத்துக்கு ஒரு விரால் பரிசலுக்குள் வந்து விழுந்து துள்ளியது. பையிலிருந்து போனதே திரும்பி வந்ததா, இது வேறு விராலா? அந்தப் பழனியாண்டவனுக்கே வெளிச்சம்.

சித்ராதேவி கொக்கியைக் கழற்றி, விராலை ரெண்டு கையாலும் தூக்கி, "புரட்டாசி, தப்பிச்ச போ" என்று தண்ணியில் விட்டாள். முகமெல்லாம் தண்ணி. அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பழனிமுத்து கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் அவருக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இத்தன சொகத்த ஆறு மாசமா ஒத்தைல அனுபவிச்சிருக்கறீங்களே மாமா!" என்றாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். இடுப்பிலிருந்து டிரிம்மரை எடுத்து அவர் விரலில் மாட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் ஐப்பசி மழையிலும் போனார்கள், கார்த்திகையிலும் போனார்கள். கமலாம்பாள் வீட்டுக்கு இப்போது நிஜமாகவே குளத்து மீன் போகிறது. தண்ணி மேல் வெட்டுகிற பிசிறு சபதத்தில் சேராது என்று பழனிமுத்து முருகனிடம் இன்னொரு திருத்தம் கொடுத்திருக்கிறார். பரிசல் ஆடுகிறபோது வெட்டுவது சிரமம். விரலில் ரெண்டு இடத்தில் பிளாஸ்திரி.

இதோ மார்கழிப் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. பழனிமுத்து காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பரிசல் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சிவப்பு டி-சர்ட், அதன்மேல் புத்தகம். வெட்டிக்கொண்டே பனிக்கால அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறார். "பனிக்காலத்துல மீனு மந்தமா இருக்குமாம். ஆம்பளைங்க அவசரப்படாம, அமைதியா, பொறுமையா உக்காந்து..."

"படிச்சது போதுமுங்க மாமா" என்றாள் சித்ராதேவி, தண்ணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி. "கொக்கியில கட்டச் செவப்பு நூலு தீந்துபோச்சு. சீக்கிரம் வெட்டுங்க."